ஒற்றைத் தலைவலிக்கு ஊசியும் மின்னோட்டமும்

ஒற்றைத் தலைவலிக்கு மின் அக்குபங்சர், அதாவது உடலில் குத்திய ஊசிகள் வழியே லேசான மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை, பலன் தருமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஷாக் அடிக்குமா, மூளைக்குள் போகுமா, சாதாரண ஊசியைவிட வேகமாகக் குணப்படுத்துமா என்பவையே அவர்களுடைய கேள்விகள். பல ஆண்டுகளாக இந்தத் தலைவலியோடு வாழ்ந்து, இந்தச் சிகிச்சையை ஒரு சுற்று முழுமையாகப் பெற்று, இது பற்றிய ஆய்வுகளையும் தொடர்ந்து படித்துவருவதால் எனக்கு ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருப்பது ஊசி. அந்த ஊசியோடு இணைக்கப்படும் மின்சாரம் தனியாக எவ்வளவு சேர்க்கிறது என்பது இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை. இதைத் தெரிந்துகொண்டு சிகிச்சைக்குப் போவது நோயாளிக்கு நல்லது என்று நம்புகிறேன்.

சிகிச்சையின்போது நடப்பது எளிமையானது. நெற்றிப்பொட்டில் தாய்யாங், காதுக்கு மேலே ஷுவாய்கு, பிடரியில் மண்டையோட்டின் விளிம்புக்குக் கீழே குழிந்திருக்கும் இடத்தில் ஃபெங்ச்சி, கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஹெகு, பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தாய்ச்சோங் ஆகிய புள்ளிகள் ஒற்றைத் தலைவலிக்கு அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரு முறை மட்டுமே பயன்படுத்தப்படும் மெல்லிய ஊசிகளைச் செருகிய பிறகு, அவற்றின் உலோகப் பிடியில் சிறிய கிளிப்புகளை மாட்டி, பேட்டரியில் இயங்கும் ஒரு கருவியோடு இணைக்கிறார்கள். மின்சுற்று முழுமையடைய இரண்டு முனைகள் வேண்டும் என்பதால் ஊசிகள் எப்போதும் ஜோடியாகவே இணைக்கப்படும். மில்லியாம்பியர் அளவிலான அந்த மின்னோட்டம் பெரும்பாலும் இரண்டு ஊசிகளுக்கும் இடையே உள்ள தோலிலும் தசையிலும்தான் ஓடுகிறது. மண்டையோட்டு எலும்பு மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை.

கருவியின் குமிழைச் சிகிச்சையாளர் மெல்லத் திருப்பும்போது முதலில் எதுவும் தெரிவதில்லை. பிறகு ஒரு கட்டத்தில், விரல் நுனியால் யாரோ உள்ளிருந்து தட்டுவது போன்ற உணர்வு பிடரியில் தொடங்கும். அங்கேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். 2 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 2 துடிப்புகள்), 100 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு அதிர்வெண்களையும் மாற்றி மாற்றிச் செலுத்தும் முறையில், நிதானமான தட்டல் சில விநாடிகளுக்கு நீடித்து, உடனே அடர்த்தியான ரீங்காரமாக மாறி, மீண்டும் தட்டலாகிறது. தசை லேசாகத் துடிக்கலாம், வலிக்கக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டால் பலன் கூடும் என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரரின் நரம்பு மண்டலம் தூண்டல்களுக்கு ஏற்கெனவே மிகையாக எதிர்வினை காட்டக்கூடியது என்பதால், அந்த எண்ணத்தை நான் ஏற்பதில்லை.

ஏன் பிடரியில் குத்துகிறார்கள் என்பது எனக்கு நீண்ட காலம் விளங்காத கேள்வி. முகத்தின் உணர்வையும் மூளையைச் சுற்றியுள்ள உறைகளின் உணர்வையும் சுமந்துவருவது ட்ரைஜெமினல் எனப்படும் முப்பிரிவு நரம்பு. ஒற்றைத் தலைவலியின்போது இந்த நரம்பின் முனைகள் சிஜிஆர்பி என்ற புரதக்கூறை வெளியிடுகின்றன. அது இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்து, வலிச் செய்தி கடத்தப்படுவதையும் தூண்டுகிறது. இந்த வழிமுறையை வெளிக்கொணர்ந்ததற்காக மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, யெஸ் ஓலெசன் ஆகிய நால்வருக்கும் 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெயின் பரிசு வழங்கப்பட்டது. முப்பிரிவு நரம்பின் வலிச் செய்திகள் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் வந்து சேரும் இடமும், கழுத்தின் மேற்பகுதி நரம்புகள் வந்து சேரும் இடமும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. தலைவலி நாளில் பலருக்குக் கழுத்தும் இறுகி வலிப்பதற்கு இது ஒரு காரணம். பிடரியில் தரும் தூண்டல் தலையின் வலியைப் பாதிக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பதற்கும் இதுவே அடிப்படை.

மின்சாரத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் பெய்ஜிங்கைச் சேர்ந்த ஹான் ஜிஷெங்கின் ஆய்வுகளை மேற்கோள் காட்டுவார்கள். உடலே சுரக்கும் வலி தணிக்கும் பொருட்களில், 2 ஹெர்ட்ஸ் தூண்டல் என்கெஃபலின், பீட்டா எண்டார்ஃபின் போன்றவற்றையும், 100 ஹெர்ட்ஸ் தூண்டல் டைனார்ஃபினையும் வெளியிடச் செய்கின்றன என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செலுத்தும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். இந்த ஆய்வுகள் மதிக்கத்தக்கவை. ஆனால் அவை பெரும்பாலும் அந்த நேரத்து வலி தணிவதைப் பற்றியவை. உடல் சுரக்கும் எண்டார்ஃபின் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒற்றைத் தலைவலிச் சிகிச்சையில் நாம் கேட்பதோ, ஊசி எடுக்கப்பட்டு மூன்று மாதம் கழித்தும் வலி வரும் நாட்கள் குறைவாகவே இருக்குமா என்பது. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்விக்குப் பயன்படுத்துவது சரியல்ல.

இரண்டாவது கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வுகளில் முக்கியமானது, 2017இல் வெளியான ஒரு சீன ஆய்வு. முன்னறிகுறிகள் இல்லாத ஒற்றைத் தலைவலி உள்ள 249 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு குழுவுக்கு உரிய புள்ளிகளிலும், இன்னொரு குழுவுக்கு அக்குபங்சர் மரபில் புள்ளிகளாகக் கருதப்படாத இடங்களிலும், வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் நான்கு வாரங்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. மூன்றாவது குழு காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டது. ஆய்வு தொடங்கி 16 வாரங்கள் ஆனபோது, தலைவலித் தாக்குதல்களின் எண்ணிக்கை முதல் குழுவில் 3.2, இரண்டாவது குழுவில் 2.1, காத்திருந்தவர்களிடம் 1.4 என்ற அளவில் குறைந்திருந்தது. சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் ஆகியும் வேறுபாடு நிலைத்திருந்ததுதான் இதன் சிறப்பு.

இந்த ஆய்வை மின் அக்குபங்சரின் வெற்றியாக எடுத்துக்காட்டுவதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். உண்மையில் இரண்டு ஊசிக் குழுக்களுக்குமே மின்னோட்டம் ஒரே மாதிரி தரப்பட்டது. வேறுபட்டவை இரண்டே: ஊசி குத்திய இடம், தேச்சி எனப்படும் கனமான, மரத்துப்போவது போன்ற உணர்வை வரவழைத்தார்களா இல்லையா என்பது. ஆகவே அந்த ஆய்வு மின்சாரத்தைச் சோதிக்கவே இல்லை. 2020இல் வெளியான மற்றொரு ஆய்வில் 150 பேருக்கு மின்சாரம் இல்லாமல், கையால் மட்டும் ஊசியைத் திருப்பித் தூண்டும் முறையும், தோலைத் துளைக்காத போலி ஊசியும் ஒப்பிடப்பட்டன. அதில் தலைவலி நாட்கள் உண்மை ஊசிக் குழுவில் 3.9 நாட்களும் போலி ஊசிக் குழுவில் 2.2 நாட்களும் குறைந்தன. இரண்டு ஆய்வுகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்ல முடியாது. முதலில் சொன்னவை தாக்குதல்களின் கணக்கு, அடுத்துச் சொன்னவை நாட்களின் கணக்கு. கருவி இல்லாமலும் பலன் கிடைக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கணிசமாகக் குறைகிறதே என்பது நியாயமான ஐயம்தான். 2005இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் உண்மை ஊசியால் 51 சதவீதத்தினருக்கும், தவறான இடங்களில் மேலோட்டமாகக் குத்திய ஊசியால் 53 சதவீதத்தினருக்கும் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. காத்திருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கே அப்படிக் குறைந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வு, உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் சிறிய வேறுபாடு இருக்கிறது என்றும், தடுப்பு மருந்துகளுக்குக் குறையாத பலன் கிடைக்கலாம் என்றும் முடிவு செய்தது. புள்ளி துல்லியமாக எங்கே இருக்கிறது என்பதைவிட, ஊசி குத்துதல், படுத்து ஓய்வெடுத்தல், ஒருவர் நம் வலியைக் கவனித்துக் கேட்டல், எதிர்பார்ப்பு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் பெரும்பகுதியைச் செய்கின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன். தலைவலி குறைந்த நாள் குறைந்த நாள்தான். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கருவியின் விலையையும் அதிர்வெண்ணையும் காட்டிக் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டால், அதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

கருவிக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கையின் அழுத்தமும் வேகமும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். கருவியிலோ அதிர்வெண்ணையும் நேரத்தையும் எழுதிவைத்து அப்படியே திரும்பச் செய்ய முடியும். மின்சாரம் வருவதால் சில தடைகளும் சேர்கின்றன. பேஸ்மேக்கரோ இதயத் துடிப்பைச் சீராக்கும் வேறு கருவியோ பொருத்தப்பட்டவர்கள் இதைச் செய்துகொள்ளக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மின்னோட்டம் நெஞ்சைக் குறுக்காகக் கடந்து செல்லும்படியோ, கழுத்தின் முன்பக்கத்திலோ ஊசிகளை இணைக்கக் கூடாது. திடீரென்று உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, கை கால் செயலிழப்போ பேச்சுக் குழறலோ சேர்ந்த தலைவலி, 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் தலைவலி ஆகியவற்றுக்கு ஊசியைத் தேடிப் போகாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதைச் செய்துகொள்ள முடிவெடுத்தவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது நாட்குறிப்பை. சிகிச்சை தொடங்குவதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பே எழுதத் தொடங்குங்கள்: வலித்த நாள், எத்தனை மணி நேரம், வாந்தி இருந்ததா, எந்த மாத்திரை எத்தனை. மாத்திரைக் கணக்கு மிக முக்கியம். மாதத்தில் 10 நாட்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலி வரும்போது எடுக்கும் டிரிப்டான் வகை மருந்தை எடுப்பவருக்கும், 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலி நிவாரணி எடுப்பவருக்கும் அந்த மாத்திரைகளே தலைவலியை நீடிக்கச் செய்யக்கூடும். அதைச் சரிசெய்யாமல் ஊசியின் பலனை மதிப்பிட முடியாது. எனக்குத் தலைவலி நாட்கள் குறைந்தன, முற்றிலும் நின்றுவிடவில்லை. இதை என் நினைவை நம்பிச் சொல்லவில்லை, நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன். ஏற்கெனவே எடுத்துவரும் ப்ரோப்ரனலால் போன்ற தடுப்பு மருந்தை ஊசி தொடங்கிய உற்சாகத்தில் திடீரென நிறுத்தக் கூடாது. சுற்று முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகும் நாட்களின் எண்ணிக்கை பழையபடியே இருந்தால், இன்னொரு சுற்று வாங்காமல் நரம்பியல் மருத்துவரிடம் நாட்குறிப்பைக் காட்டி, டோபிராமேட், அமிட்ரிப்டிலின் ஆகிய தடுப்பு மருந்துகள், சிஜிஆர்பிக்கு எதிரான ஊசி மருந்துகள் ஆகியவற்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள்.