என் காரில் குடியிருந்த தேங்காய் வியாபாரி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரைத் தடவிப் பார்ப்பார்கள், கிளட்ச்சை மிதித்துப் பார்ப்பார்கள், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்பார்கள். திரையைத் தட்டி ப்ளூடூத் பட்டியலைத் திறந்து பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை. வண்டி கைக்கு வந்த அன்று என் போனை இணைக்கலாம் என்று திறந்தபோதுதான், அதற்குள் ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருப்பது தெரிந்தது.

வண்டியில் இருப்பது கம்பெனி கொடுத்த திரை இல்லை. முந்தைய உரிமையாளர் வெளியில் வாங்கி மாட்டிய தொடுதிரை. அவருடைய போன், அவர் மனைவியின் போன், டிரைவரின் போன் எல்லாம் பெயரோடு வரிசையாக நின்றன. தொடர்புகள் என்ற படத்தைத் தொட்டதும் ‘தேங்காய் லாரி’, ‘தேங்காய் லாரி பழையது’, ‘களத்து வாட்ச்மேன்’, ‘பொள்ளாச்சி அண்ணி’, ‘மோட்டார் ரிப்பேர்’ என்று ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒருவருக்கு ‘எடுக்காதே’ என்று பெயர். அழைப்புப் பட்டியலைப் பார்த்தால் அந்த ‘எடுக்காதே’யிடம் இருந்துதான் அதிகம் வந்திருக்கிறது. முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதரின் தொழில், உறவு, கடன் எல்லாம் என் மடியில் வந்து விழுந்துவிட்டன. முதல் வேலையாக அந்தத் திரையின் அமைப்புகளுக்குள் போய், ஆலையில் இருந்து வந்த நிலைக்கே திருப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து யார் காரில் போனை இணைத்தாலும் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், பரவாயில்லை. இணைப்பது என்பது ஒரே காரியம் இல்லை, மூன்று காரியம். அழைப்பின் குரலைக் காரில் கேட்பது ஒன்று. பாட்டுக் கேட்பது இன்னொன்று. தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பட்டியலையும் கார் தனக்குள் இறக்கிக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்றும் ப்ளூடூத்தில் தனித்தனி ஏற்பாடுகள். ஒன்று இல்லாமலும் மற்றது நடக்கும். மூன்றாவதற்குத்தான் போன் நம்மிடம் அனுமதி கேட்கிறது. நம் ஆட்கள் அதைப் படிக்காமலே ‘அனுமதி’ என்று அழுத்திவிடுகிறார்கள். ‘வேண்டாம்’ என்று அழுத்தினாலும் பேச்சு வரும், பாட்டு வரும். அழைப்பவரின் பெயருக்குப் பதில் எண் மட்டும் திரையில் தெரியும், அவ்வளவுதான். சொந்தக் காருக்கு அனுமதி கொடுங்கள். வாடகைக் காருக்கும் அலுவலக வண்டிக்கும் எதற்கு?

இணைக்கும்போது காரிலும் போனிலும் ஒரே ஆறு இலக்க எண் வருகிறதே, அதையும் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. 2007இல் வந்த ப்ளூடூத் 2.1 பதிப்பிலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் வெளியில் வாங்கிய திரை மாட்டிய வண்டிகள் பல நிற்கின்றன. ப்ளூடூத் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். எண் பொருந்தினால்தான் நம் போன் பேசிக்கொண்டிருப்பது நம் வண்டியோடு என்று நிச்சயம். இதையெல்லாம் வண்டியை நிறுத்திவைத்துச் செய்ய வேண்டும். பல கார்கள் ஓடும்போது புதிய போனைச் சேர்க்கவே விடாது. அது நல்லதுதான்.

ஒருமுறை இணைந்த பிறகு இரண்டும் ஒரு ரகசியத் திறவுகோலை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. மறுநாள் வண்டியை முடுக்கியதும் கேள்வி கேட்காமல் சேர்ந்துகொள்வது அதனால்தான். என் சித்தப்பா மகன், ஏற்கெனவே காரோடு இணைத்திருந்த தன் போனில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இணைக்க முயன்றான். ‘இணைக்க முடியவில்லை’ என்பதே பதில். வண்டியையே குறை சொன்னான். போனில் திறவுகோல் போய்விட்டது. காரில் பழையது அப்படியே இருந்தது. காரின் பட்டியலிலும் அவன் போனின் பெயரை அழிக்கச் சொன்னேன். உடனே சேர்ந்துவிட்டது. அடம்பிடிக்கும் வண்டியைச் சமாதானப்படுத்த, பெரும்பாலும் இரண்டு பக்கமும் அழிப்பதுதான் வழி. பட்டியலில் இடமே இல்லாமல் போயிருந்தாலும் இதே தொல்லை வரும்; பழைய போன்களை எடுத்துவிட வேண்டும்.

பேச்சு தெளிவாக இல்லை என்று எதிர்முனையில் சொல்வார்கள். மைக் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். என் வண்டியில் கூரை விளக்குக்குப் பக்கத்தில், மிளகு அளவில் ஒரு துளை. ஏசியை நாலில் வைத்து, காற்றுத் திறப்பை மேல்நோக்கித் திருப்பியிருந்தால் காற்று நேராக அங்கேதான் அடிக்கிறது. ஒன்றுக்குக் குறைத்துவிட்டு, திறப்பைக் கீழே இறக்கினால் பாதிப் புகார் நின்றுவிடும். மீதிப் பாதி தொழில்நுட்பத்தின் வரம்பு. பாட்டு வரும் வழி வேறு, பேச்சு வரும் வழி வேறு. பழைய முறையில் பேச்சை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து அனுப்புகிறார்கள். 2011க்குப் பிந்தைய ஏற்பாட்டில் 16,000. பாட்டுக்கு வழக்கமாக 44,100. அத்தனை அருமையாகப் பாடிக்கொண்டிருந்த அதே ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் கேட்பதற்கு ஸ்பீக்கர் காரணம் இல்லை.

இன்னொரு புகார், வழி சொல்லும் குரல் காணாமல் போவது. திருப்பூர் போகும் வழியில் எஃப்எம் கேட்டுக்கொண்டே போவேன். வரைபடத்தின் குரல் ப்ளூடூத் வழியாக ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கும். ஆனால் கார் அப்போது வானொலியின் பக்கம் காதை வைத்திருக்கிறது. ப்ளூடூத்துக்கு மாற்றினால் கேட்கும். வானொலிதான் வேண்டும் என்றால், குரலைப் போனின் ஸ்பீக்கரிலேயே பேச விட்டுவிடலாம்.

சிக்கல்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எங்கள் பழைய வீட்டில் சமையலறை ஜன்னலுக்கு நேர் வெளியே போர்டிகோ. நான் உள்ளே நின்று, கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். என் கணவர் வெளியே வண்டியை முடுக்கினார். ப்ளூடூத் பத்து மீட்டர் வரை எட்டும்; சுவர் ஒன்றும் பெரிய தடையில்லை. என் காதில் அம்மா நின்றுபோனார். போர்டிகோவில் பேச ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு நிலம் வாங்கும் ஆசை எதற்கு, இருக்கிற கடனை அடைக்கச் சொல்லு என்று அம்மா விளக்கமாகச் சொல்ல, மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டருகே பால்காரரும் நின்றார். “சரிங்க அத்தை, அடைத்துவிடலாம்” என்று கணவர் பதில் சொன்ன பிறகு அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை.

ஆகவே காரில் அழைப்பை எடுத்ததும் என் முதல் வாக்கியம் வணக்கம் இல்லை. “வண்டியில் இருக்கிறேன், எல்லோருக்கும் கேட்கும்” என்பதுதான். அப்புறம் பேசுகிறவர்கள் பாடு. நீளமான பேச்சு என்றால் ஓரம் கட்டிவிடுவேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, வண்டி ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தார்கள், 184ஆம் பிரிவு. மறு வருடம் வழி பார்ப்பதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள். ப்ளூடூத் கையை விடுவிக்கிறது. அவினாசி சாலையில் குறுக்கே வரும் டூவீலரைப் பார்க்க வேண்டிய கவனத்தை அது விடுவிப்பதில்லை. அம்மாவோடு வாதம் செய்துகொண்டு ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

போன வாரம் மாமனார் தன் பட்டன் போனை நீட்டினார். அதிலும் ப்ளூடூத் இருக்கிறதாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய வகை, ஆறு இலக்கம் எல்லாம் கிடையாது, நான்கு சுழியம் கேட்டது. போட்டதும் இணைந்தது. சூலூர் நண்பருக்கு அழைத்து, பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திப் பேசினார். வைத்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

“அம்மிணி, என் போனில் இருக்கிற நம்பர் எல்லாம் உன் காருக்குள் போய்விட்டதா?”

“இல்லைங்க மாமா. கேட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.”

“நல்லது. அதில் சீட்டுக்காரர் நம்பர் இருக்கிறது. சீட்டுப் போடுவது உன் அத்தைக்குத் தெரியாது.”