மாமாவின் றைபிளும் தராசும்

துவக்கு என்றாலே யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு முகம் சுருங்கும். குறிபார்த்துச் சுடுவது ஒரு விளையாட்டு என்று யாராவது சொன்னால் மனம் உடனே ஏற்காது. கனடாவில் இருக்கிற மாமா அந்தப் போட்டிகளுக்குப் போகிறார் என்று அம்மா சொன்னபோது நானும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் அவருடைய கராஜில் ஒரு லேத் மெசின் நிற்கிறது. கொக்குவிலில் இறைப்பு மெசின் சாஃப்ற் கடைந்து பிழைக்கிற எனக்கு அது போதும். போன வருசம் அங்கே போய் நின்றபோது முக்கால்வாசி நேரம் அந்தக் கராஜிலேயே கழிந்தது.

அவர் சுடுவது எஃப் கிளாஸ் போட்டியில். படுத்துக்கொண்டு, தாங்கி வைத்து, தொலைநோக்கி பூட்டிச் சுடுவது. தொடக்கி வைத்தவர் ஜோர்ஜ் ஃபார்குவார்சன் என்ற கனடாக்காரர், எஃப் அவருடைய பெயரில் இருந்துதான் வந்தது. 1000 யார் தூரத்தில் பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம், அதற்குள் இருக்கிற எக்ஸ் வளையம் 5 அங்குலம். ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு இடம், அவ்வளவுதான்.

நான் நினைத்துக்கொண்டு போனது நல்ல றைபிள் என்றால் பலமான றைபிள் என்று. மாமா சொன்னது வேறு. "மருமோன், இதில பலம் ஒண்டும் இல்லை. முதல் வெடி எப்பிடிப் போச்சோ கடைசி வெடியும் அப்பிடியே போகவேணும், அதுக்குத்தான் இவ்வளவு பாடும்." குழலை லேத்தில் ஏற்றும்போதே அது விளங்கியது. குழலின் வெளிப்பக்கத்தை நம்பி மையம் பிடிக்க மாட்டார், ஏனென்றால் உள்துளை வெளிப்பக்கத்தோடு சரியாக ஒத்து ஓடுவதில்லை. துளைக்குள் டயல் கேஜின், அதாவது நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டுகிற கருவியின், முனையை விட்டு, நாலு போல்ட்டையும் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முள் அசையாமல் நிற்கும்வரை சுற்றிக்கொண்டே இருப்பார். இறைப்பு மெசினுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆட்டம் இருந்தால் எந்தக் கமக்காரனும் கேட்க வரமாட்டான். மாமா பார்ப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கை! பிறகுதான் ரவை உட்காரும் அறையை வெட்டுவது, அதன் ஆழத்தைக் கேஜ் வைத்துப் பார்ப்பது, குழலின் வாய் விளிம்பை முடிப்பது. அந்த விளிம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் சன்னம் வெளியேறும் நேரத்தில் வாயு ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். றைபிளின் மரக்கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் எபொக்சிப் பசை ஊற்றிப் படுக்கை செய்வதும் இதே காரணத்துக்குத்தான், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் இரும்பு பழைய இடத்திலேயே வந்து உட்கார வேண்டும்.

ரவை நிரப்புகிற மேசை இதைவிடப் பொறுமை கேட்கிறது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைக் கழுவி, அளவுக்கு அழுத்தி, நீளம் பார்த்து வெட்டி, வெடிமருந்துக்குத் தீ மூட்டுகிற புது பிரைமர் ஏற்றி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை இருத்துவது. மருந்து நிறுப்பது கிறெயின் கணக்கில். ஒரு இறாத்தலுக்கு 7000 கிறெயின், அப்படியென்றால் ஒரு கிறெயின் ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு. அவர் பார்ப்பது அந்த ஒரு கிறெயினிலும் ஐம்பதில் ஒரு பங்கை. ஒரு மருந்து மணியைச் சாமணத்தால் எடுத்துத் தட்டில் விட்டால் எண் மாறுகிறது, நானே பார்த்தேன். மின்விசிறி போட விடமாட்டார், பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலும் தராசு ஆடும். எவ்வளவு மருந்து என்பதை அச்சிட்ட கைநூலில் இருந்து மட்டும்தான் எடுப்பார், அதுவும் குறைந்த அளவில் தொடங்கி. யாரோ சொன்ன கணக்கை நம்பிப் போட்டால் போகப்போவது கையும் கண்ணும், இதில் சமரசமே கிடையாது.

இங்கே வந்து இதையெல்லாம் செய்ய எனக்கு எண்ணம் இல்லை. கனடாவில் மாமா பாதுகாப்புப் பயிற்சி முடித்து அனுமதிப்பத்திரம் எடுத்துத்தான் றைபிள் வைத்திருக்கிறார். இலங்கையில் 1916ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கைத் தொட முடியாது, அது அப்படியே இருப்பதுதான் எங்கள் ஊருக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். எனக்குப் பிடித்தது அந்த அளவெடுப்பு. குழலை மையம் பிடிக்கிற அந்த முறையை இப்போது சாஃப்ற்றுக்கும் செய்கிறேன், கொஞ்சம் நேரம் கூடுதலாகப் போகும், பரவாயில்லை.

ஒரு விசயத்தில் மட்டும் மாமாவோடு இன்னும் சண்டை. திரும்பத் திரும்ப வெடி வைத்தால் பித்தளை இறுகிவிடும், கோதின் கழுத்து சன்னத்தைப் பிடிக்கிற பிடி மாறிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் கழுத்தைச் சூடாக்கி இளக்க வேண்டும் என்கிறார். சரி, ஆனால் கையில் சுவாலையைப் பிடித்துக்கொண்டு செய்தால் ஒவ்வொரு கோதுக்கும் ஒவ்வொரு சூடுதானே ஏறும்? அதற்குச் சூடாக்காமலே விடலாம், இல்லையென்றால் நேரம் கணக்குப் பார்த்துச் சுற்றுகிற ஒரு மெசின் வேண்டும் என்பது என் கட்சி. மோட்டரும் கியரும் போட்டு அதற்கு ஒரு படம் கீறி அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.