வாடகை பாக்கி: நோட்டீஸ் வந்தபின் உள்ள ஒரு மாதம்

ஜூலை 2
ஒரு மாத வாடகை தள்ளிப்போனதுமே "நாளைக்கே காலி பண்ணுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால், தமிழ்நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அதன் 21-ஆம் பிரிவுப்படி இரண்டு மாத பாக்கி இருக்க வேண்டும், எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், அது கிடைத்து ஒரு மாதம் ஆகியும் பாக்கி தீராதிருக்க வேண்டும். அதன்பிறகும் காலி செய்யச் சொல்ல வேண்டியது வாடகை நீதிமன்றம்தான்.

ஜூலை 4
நோட்டீஸில் கையெழுத்து இருக்க வேண்டும். தபாலில் வரலாம், வீட்டில் உள்ளவர்களிடம் நேரில் தரலாம், அதற்கு வழியில்லாதபோது கதவில் ஒட்டினாலும் செல்லும். நோட்டீஸ் வந்த தபாலைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தப்பித்ததாக நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மறுத்தாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கெடு ஓடிக்கொண்டிருக்கும், கேட்ட தொகை எவ்வளவு என்பதே உங்களுக்குத் தெரியாது. வாங்கிப் பிரியுங்கள். உறையின் மேல் தேதி எழுதி அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 9
அந்த ஒரு மாதத்துக்குள் கட்டுவது முழுத் தொகையாக இருக்க வேண்டும். வாடகை 9,000 ரூபாய் என்றால் இரண்டு மாதத்துக்கு 18,000. அதோடு ஒப்பந்தத்தில் உள்ள வட்டி, பராமரிப்புக் கட்டணம். ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் காலி செய்யாமல் இருப்பதற்கான பாதுகாப்பு போய்விடும். வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் "மே, ஜூன் வாடகை" என்று எழுதுங்கள். ரொக்கம் என்றால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். ரசீது தருவது அவர் கடமை.

"அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு இருப்பது ஆபத்து. காலி செய்யும்போது திரும்ப வரவேண்டிய பணம் அது. வீட்டுக்காரர் எழுதித் தராதவரை பாக்கி பாக்கிதான்.

ஜூலை 10
நேற்றையதில் விடுபட்டது: இப்படி ஒருமுறை கட்டித் தப்பியவர் பின்னால் ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால், இந்தச் சலுகை மறுபடி கிடையாது.

ஜூலை 15
வழக்குப் போடுவதற்காகவே வாடகையை வாங்க மறுப்பவர்கள் உண்டு. மணியார்டரில் தொடர்ந்து அனுப்புங்கள், திரும்பி வரும் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். அப்படியும் வாங்காவிட்டால் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்டலாம்.

ஜூலை 19
பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. 20-ஆம் பிரிவில் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட முடியும். பூட்டை மாற்றி வெளியேற்றிவிட்டால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் (Specific Relief Act) 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் உரிமையியல் வழக்குத் தொடரலாம்.

ஜூலை 23
எழுத்து ஒப்பந்தம் இல்லாதது இந்தச் சட்டத்தில் வெளியேற்றத்துக்குத் தனிக் காரணம். பாக்கியைத் தீர்த்த கையோடு ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நோட்டீஸ், உறை, வங்கிக் கணக்கு விவரம், மணியார்டர் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.