கேட்காமல் எழுதிய வரி

"நான் எப்பய்யா குடுத்தேன்?"

2011-ல் மேலூர் பக்கம் ரோட்டோரத்தில் நின்று அந்த அப்பத்தா கேட்டார். நான் சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர் நிலத்தை அளந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோட்டின் எதிர்ப்பக்க விளிம்பைக் கடப்பாரையால் கிளறியதும் எல்லைக்கல் தட்டுப்பட்டது. தலை முழுக்கத் தார். கல்லுக்கு இந்தப் பக்கம் ரோடு. அதாவது 14 செண்ட் அவர் பட்டாவுக்குள். எம்ஜிஆர் ஆட்சியில் போட்ட ரோடாம். நோட்டீஸ் இல்லை, பணமும் இல்லை. மஞ்சப்பையிலிருந்து தீர்வை ரசீதுகளை எடுத்துக் காட்டினார். ரோடாகிப் போன இடத்துக்கும் சேர்த்து வருஷா வருஷம் கட்டியிருந்தார்.

"ஊருக்கு ரோடு வேணாமுன்னு சொல்லலைய்யா. நான் குடுத்ததா எங்கயாச்சும் எழுதிருக்கா, அதைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். நில எடுப்புக் கோப்பு என்று ஒன்றுமே இல்லை. ஆனால் அறிக்கையில் அளவைக் குறித்துவிட்டு, "நீண்ட காலமாகப் பொதுமக்கள் பயன்பாட்டில் சாலையாக உள்ளது" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியைக் காட்டியே அப்பத்தாவின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

என்னை அளக்கத்தான் சொன்னார்கள். கோப்பு இல்லை என்று எழுதுவது என் வேலை இல்லை. இப்படித்தான் பல வருஷம் மனதைச் சமாதானப்படுத்தினேன். சரி, பொதுமக்கள் பயன்பாட்டைப் பற்றி மட்டும் யார் கேட்டார்கள்? அதை நானாகத்தானே எழுதினேன்?

சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்தது 1978-ல் வந்த அரசியலமைப்பின் 44-வது திருத்தம். இனிக் கேட்க வழியில்லை என்றே எங்களில் பலர் நினைத்திருந்தோம். ஆனால் அதே திருத்தம்தான், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்று 300ஏ பிரிவையும் சேர்த்தது. நான் அறிக்கை எழுதிய அன்றும் அது இருந்தது.

2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படித்தேன். இமாச்சலில் எழுதப் படிக்கத் தெரியாத, எண்பது வயதான கைம்பெண். 1967-68-ல் ரோட்டுக்காக அவர் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நில எடுப்பு நடவடிக்கையே இல்லை. வாய்மொழியாகச் சம்மதித்தார் என்றும், நெடுநாள் அனுபவத்தால் நிலம் தனதாகிவிட்டது என்றும், தாமதமாக வந்தார் என்றும் அரசு வாதாடியது. எதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. சொத்துரிமை மனித உரிமை, குடிமக்களின் நிலத்துக்கு அரசே அனுபவ பாத்தியம் கொண்டாட முடியாது என்று சொல்லி இழப்பீடு தர உத்தரவிட்டது.

நெடுநாள் அனுபவம். என் வரியும் அதுதான்.

கோப்பு இல்லை என்று எழுதியிருந்தாலும் மனுவைத் தள்ளியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அது தாளில் இருந்திருக்கும். மேல்முறையீட்டுக்குப் போகும்போது அப்பத்தா கையில் அரசாங்கமே எழுதிக்கொடுத்த ஒரு வரி இருந்திருக்கும்.

தீர்ப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. அவர் பேரன் ஊரில்தான் இருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தால், "கோப்பு இல்லைன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பார். தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.