காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு: ஒரு பங்கின் ஆவணி நடை

ஜூலை மாதக் கடைசி ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போதே திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் தெரிந்துவிடும், இந்த வருஷம் யார் யார் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறார்கள் என்று. பிள்ளை வரம் கேட்டவர்கள் இருப்பார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டவர்கள் இருப்பார்கள். எந்த வேண்டுதலும் இல்லாமல், ஆவணி பிறந்தால் கால் தானாக எழுந்துவிடும் பெரியவர்களும் இருப்பார்கள். நேர்ச்சை அவரவருடையது, நடத்திக் கொண்டுபோவது பங்கின் பொறுப்பு.

பெயர்களை அன்பியம் (பங்குக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) வாரியாக வாங்குவதே சரி. ஒரு குழுவுக்கு 60 பேர் போதும். அதற்கு மேல் போனால் தங்குகிற பள்ளிக்கூடத் தாழ்வாரம் கொள்ளாது. முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இழுத்துவிடும். பெயரோடு ரத்த வகை, சாப்பிடுகிற மாத்திரை, வீட்டில் போன் எடுக்கக்கூடியவரின் எண் மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு, நடக்கும் நாட்களுக்கான மாத்திரை அளவை முன்கூட்டியே தெரிந்துகொள்வது கட்டாயம். விடியற்காலை மூன்று மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு நடப்பவர்தான் ஆறு மணிக்கு வியர்த்துச் சரிகிறார். பக்திக் குறைவு என்று நினைத்து அவர் வெளியே சொல்லவும் மாட்டார். அவர் பையில் கடலை மிட்டாய் இருக்க வேண்டும், பக்கத்தில் நடப்பவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும்.

காவல் நிலையத்துக்கும், வழியில் தங்கப்போகிற பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு மாதம் முன்பே கடிதம் போய்விட வேண்டும். கடைசி வாரம் கேட்டால் இடம் கிடைக்காது.

வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29 மாலை. அதற்குப் போய்ச் சேர வேண்டுமானால் 23-ஆம் தேதி மாலையே பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), பூசை, காவி மந்திரிப்பு எல்லாம் முடிந்து, 24 விடியற்காலை புறப்பட வேண்டும். சுமார் 150 கிலோமீட்டர், ஆறு நாள். துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர்; பிறகு அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம். சிலர் திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போய்ப் பூண்டி மாதாவைக் கும்பிட்டுவிட்டுத் தஞ்சாவூரில் சேர்ந்துகொள்வதுண்டு. வீரமாமுனிவர் கட்டிய கோயிலைத் தாண்டிப் போக மனசு வராதவர்களுக்கு அந்த வழி. கூட்டம் வேண்டாம் என்கிறவர்கள் செப்டம்பர் 1 முதல் 4-க்குள் போய்ச் சேருவதுபோல் தேதி வைத்துக்கொள்ளலாம். 6, 7, 8 தேதிகளில் நிற்கவே இடம் இருக்காது.

காலை மூன்று மணிக்குக் கிளம்பி எட்டரைக்கு நிறுத்திவிட வேண்டும். மறுபடி மாலை நாலரை முதல் எட்டு வரை. நடைக்காரர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. 53 மணி ஜெபமாலையை மன்றாட்டுமாலையோடு நிதானமாகச் சொன்னால் அரை மணி நேரம். மாதா சுரூபத்தை (சிலையை) வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சப்பரத்தின் வேகத்தில் அது 2 கிலோமீட்டர். மூன்று ஜெபமாலைக்கு ஒரு டீ என்று வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கிற சின்னப் பிள்ளையிடம் “ரெண்டு ஜெபமாலைடா கண்ணு” என்று சொல்லிப் பாருங்கள், அழுகை நின்றுவிடும்.

சப்பரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தொல்லை அதில்தான். இரண்டடி சுரூபத்துக்குச் சைக்கிள் சக்கரம் போதும். ஆனால் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்காமல் கிளம்பினால் இரண்டாம் நாளே முனகும். உபரி ட்யூப் இரண்டு, பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்ப் எல்லாம் சப்பரத்தின் அடித்தட்டில் இருக்க வேண்டும், முன்னால் போய்விட்ட வண்டியில் அல்ல. சுரூபத்தின் பாதத்தை மட்டும் கட்டினால் ரோட்டுக் குலுக்கலில் இடுப்பில் விரிசல் விடும். பஞ்சு வைத்து இடுப்போடு துணியால் கட்டி, மேலே மாலை போட்டுக்கொள்ளலாம். மழைத்தாள் கட்டாயம். ஆவணி மாலையில் டெல்டாவில் இடி மழை சொல்லிக்கொண்டு வராது. அந்த நேரத்தில் புளியமரத்தடியில் ஒதுங்கக் கூடாது, சப்பரக் குடையின் இரும்புக் கம்பியையும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். விடிவதற்கு முன் வாயால் பாடுவதே அழகு. தூங்குகிற ஊரை எழுப்பி மாதாவின் பெயரைக் கெடுக்க வேண்டாம்.

வெளிச்ச ஏற்பாடு இதைவிட முக்கியம். சப்பரம் சாலையின் இடது ஓரம் போகும், கூட்டமும் அதை ஒட்டியே போகும். ஆகவே பின்னால் வருகிற லாரியை யாரும் பார்ப்பதில்லை. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே ஓட்டுநர் கண் அயர்கிற நேரம். அதனால் கடைசி ஆளுக்கும் 50 மீட்டர் பின்னால் சிவப்பு விளக்கோடு இரண்டு இளைஞர்கள் நடக்க வேண்டும், முறை வைத்து. காவித் துணி இருட்டில் தெரியாது. முதுகில் குறுக்கே ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் வரைக்கும் சாலை அகலம். அதற்குப் பிறகு குறுகும், ஓரத்தில் குறுவை நெல் காயும். நெல்லை மிதிக்காமல் ஒற்றை வரிசையில் போக வேண்டும். அது ஒரு வீட்டின் வருஷச் சாப்பாடு.

சமையல் சாமான் குட்டியானையில் (சின்ன சரக்கு வண்டியில்) முன்னால் போய்விடும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். 60 பேருக்கு 20 லிட்டர் கேன் 15. சாம்பார் சாதத்துக்கு அரிசி 6 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ. காலை உப்புமாவுக்கு ரவை நாலரைக் கிலோ. மதியத்துக்குத் தயிர் சாதம் கட்டுகிறவர்கள் தயிரைக் குறைத்து, காய்ச்சி ஆறின பாலில் சாதத்தைக் குழைத்து, இரண்டு கரண்டி தயிர் மட்டும் விட்டால் ஒரு மணி வரை புளிக்காது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். வெயிலில் அதுதான் முதலில் கெடும், வயிற்றையும் கெடுக்கும். இரவில் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி. உப்புக் கரைசல் பாக்கெட்டில் பெரியது 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டு வாந்தி எடுப்பவர்கள் வருஷா வருஷம் உண்டு. பாக்கெட் தீர்ந்துவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கால். புதுச் செருப்பு வாங்கி வருகிறவர்தான் செங்கிப்பட்டியில் உட்காருவார். ஒரு மாதமாவது பழகிய செருப்பும், அதற்குள் பருத்திச் சாக்ஸும் போதும். செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் வெயிலேறிய தாரில் கால் வைக்காமல் எட்டு மணிக்கே ஒதுங்கிவிடட்டும். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். கொப்புளத்தில் ஊசியால் நூல் கோத்து விடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் போகவே மாட்டேன் என்கிறது. அந்த நூல் வழியாகத்தான் அழுக்கு உள்ளே போய்ச் சீழ் வைக்கிறது. கழுவித் துடைத்து, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தித் தண்ணீரை வெளியேற்றி, தோலை உரிக்காமல் மேலே மருந்துத் துணி ஒட்டினால் மறுநாள் நடக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யாமல் மருத்துவரிடம் காட்டட்டும். தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெய், கிளம்புவதற்கு முன்பே. எரிந்த பிறகு தடவிப் பயனில்லை.

பெண்களுக்கான ஏற்பாட்டைக் கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிற பங்குகளில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். நீர்க்கடுப்போடு போய்ச் சேருகிறார்கள். எந்த பெட்ரோல் பங்கில், எந்தப் பள்ளியில் கழிப்பறை திறந்திருக்கும் என்று முதலிலேயே கேட்டு எழுதி, பெண்கள் பக்கத்துப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத நாட்கள் நடைக்குத் தடை இல்லை. நாப்கினும், பயன்படுத்தியதைச் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளும் வண்டியில் இருக்கட்டும்.

வழியில் கிடைக்கிற மோரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற, நடக்க முடியாத பையனுக்குக் காட்சி தந்தபோது மாதா மோர்தானே கேட்டாள்! அம்மாப்பேட்டைக்கும் திருவாரூருக்கும் நடுவே வாசலில் அண்டா வைத்து ஊற்றுகிறவர்களில் பலர் சிலுவை போட்டுக்கொள்ளாதவர்கள். விபூதி இட்ட நெற்றிகள், தொப்பி போட்ட தலைகள். “சாமி, கொஞ்சம் மோர் குடிச்சிட்டுப் போங்க” என்று அவர்கள் கூப்பிடும்போது, நேர்ச்சைக்காரர் நம்மைத்தான் கூப்பிடுகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

நாகப்பட்டினத்தில் சென்னை, புதுவை, காரைக்கால் வழியாக வருகிறவர்களும் சேர்ந்துகொள்ள, கடைசி 12 கிலோமீட்டர் முழுக்கக் காவியாகவே இருக்கும். அங்கே போன் கிடைக்காது. தொலைந்தால் எங்கே நிற்க வேண்டும் என்பதை நாகையிலேயே சொல்லிவிட வேண்டும். பேராலய வாசல் என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் வேறொரு சோதனை. “ரூம் வேணுமா, ரூம்?” என்று பையைப் பிடித்து இழுக்கிறவர்கள், வேண்டாம் என்றாலும் கையில் மெழுகுவர்த்தியைத் திணித்துவிட்டு இருமடங்கு விலை கேட்கிறவர்கள், ரசீதுப் புத்தகத்தோடு மறிக்கிறவர்கள். ஆறு நாள் நடந்து வந்தவனுக்குப் பேரம் பேசத் தெம்பு இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். மெழுகுவர்த்தியும் நேர்ச்சைக்குப் போடும் வெள்ளித் தகடும் விலை கேட்டு, பார்த்து வாங்குங்கள். காணிக்கையைப் பேராலய அலுவலகத்திலோ உண்டியலிலோ மட்டும் போடுங்கள். மொட்டை போடும் இடத்தில் பிளேடு கண் முன்னால் மாற்றப்படுகிறதா என்று பாருங்கள். கடலில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் கணுக்கால் அளவோடு நின்றுவிடட்டும். 2004 டிசம்பர் 26-ல் எத்தனையோ யாத்ரீகர்களை வாரிக்கொண்ட கரை அது.

முழங்காலில் போவதாக நேர்ந்தவர்கள் மாதா குளத்துக்குப் போகும் மணற்பாதையைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் மணல் சுடும். முழங்காலில் துண்டை இரண்டு மடிப்பாக வைத்துக் கட்டினால் கொஞ்சத்தில் நழுவி, உள்ளே மணல் புகுந்து தோலை உரித்துவிடும். அதைவிட, கூட வருகிறவர்கள் இரண்டு துண்டுகளை மாறி மாறி முன்னால் விரித்துக்கொண்டே போகலாம். குனிந்து துண்டு போடுகிறவருக்குத்தான் இடுப்பு போகும். யாருக்கோ நேர்ந்த நேர்ச்சைக்கு இன்னொருவர் முதுகு வளைகிறது.

பிறகு அம்மாவின் முன்னால். வரிசை நகர நகர, மனசுக்குள் அடுக்கி வைத்த மனுக்களை ஒவ்வொருவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கடன், மருமகள், பேரனின் மூச்சிரைப்பு, நடக்க முடியாத பக்கத்து வீட்டுப் பாட்டி எழுதிக் கொடுத்த சீட்டு. பட்டு உடுத்தி, கையில் குழந்தையை ஏந்தி நிற்கிறாள். புயலில் கரை சேர்ந்த போர்ச்சுகீசிய மாலுமிகள் கொண்டுவந்த பீங்கான் ஓடுகள் பீடத்தில் இருக்கின்றன என்று எல்லோரும் பார்க்க நினைத்துத்தான் வருவார்கள், யாரும் பார்ப்பதில்லை. நிற்கக் கிடைப்பது சில விநாடிகள், தொண்டர் தோளைத் தொட்டு நகர்த்திவிடுவார். அந்த விநாடிகளில் மனு எதுவும் வாயில் வராது. “அம்மா” என்று மட்டும் வரும், அல்லது அதுவும் வராமல் கண் நிறையும். கேட்க மறந்துவிட்டோமே என்று வெளியே வந்து தவிக்கிறவர்களிடம் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “நீ நடந்து வந்ததே அவளுக்குத் தெரியும், போ.”

ஆரோக்கிய மாதாவே, உமக்கு ஸ்தோத்திரம். சிவப்பு விளக்குப் பிடித்த பிள்ளைகளுக்காக. இரண்டு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டிய தாய்மாருக்காக. தாழ்வாரத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்த பள்ளிக் காவலாளிக்காக. மோர் ஊற்றிய கைகளுக்காக. பஞ்சரே ஆகாத சக்கரத்துக்காகவும், ஆன சக்கரத்தைக் காசு வாங்காமல் ஒட்டிய நீடாமங்கலத்துக் கடைக்காரருக்காகவும். லாரியை ஒதுக்கி ஓட்டிய, முகம் தெரியாத ஓட்டுநர்களுக்காக. கொப்புளத்துக்காகவும்கூட.

திரும்பி வருவது பஸ்ஸில். குளத்துத் தண்ணீரும் மந்திரித்த எண்ணெயும் மூடி இறுக்கமான பாட்டிலில் வரட்டும். துணிப்பையில் எண்ணெய் சிந்தாத வருஷமே இல்லை. சீட்டு எழுதிக் கொடுத்தவர்களின் வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் காவியைக் கழற்றுவது வழக்கம். செப்டம்பர் 8 அன்று, நடக்காதவர்களுக்கும் சேர்த்துப் பங்குக் கோயிலில் மாதாவின் பிறந்தநாள் பூசையும் பாயசமும். அடுத்த ஞாயிறு வரவு செலவு வாசித்துவிட வேண்டும், தாமதித்தால் பேச்சு கிளம்பும். அக்டோபர் 1 முதல் அதே சுரூபம் ஜெபமாலை மாதத்துக்கு அன்பியம் அன்பியமாக வீடுகளுக்குப் போகும். மழைக்காலம் நெருங்குவதால் பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். முதல் வீடு, படியிறங்க முடியாத அந்தப் பாட்டியின் வீடு. மாலை ஆறரைக்கு, ஏழுக்கு மேல் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.