இரண்டு புளியங்கொட்டைகள்

“என்ற அப்பிச்சியும் அவிய அப்பாரும் ஒரே ஆளுதானுங்க.”

கோவையில் ஒரு மருத்துவமனையில் கருக்கால ஜெனிடிக் கவுன்சிலராக, அதாவது பிறக்கப்போகும் குழந்தைக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பைப் பெற்றோருக்கு விளக்கும் ஆலோசகராகச் சேர்ந்த முதல் மாதம், எதிரே உட்கார்ந்திருந்த பெண் இப்படிச் சொன்னார். இவருடைய அம்மாவின் அப்பாவும் கணவருடைய அப்பாவின் அப்பாவும் ஒருவரே. அப்படியென்றால் கட்டியிருப்பது தாய்மாமன் மகனை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம் என்று குடும்ப மரத்தை வரைந்துகொண்டே வந்து, இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டேன். சொந்தத்தில் கல்யாணம் என்பதற்கு அதுதான் குறி. நம் உறவுமுறைச் சொற்கள் இந்த வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிடும். ‘கசின்’ என்றால் நாலு கேள்வி கேட்க வேண்டும், ‘அத்தை மகன்’ என்றால் ஒன்றுகூட வேண்டாம்.

என் அப்பா அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். அதனால் அந்த இரட்டைக் கோட்டைப் போடும்போது குற்றம் சாட்டும் தொனி என் குரலில் வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பேன். எந்தத் தம்பதிக்கும் நூறு பிரசவத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பெரிய குறைபாடு வரலாம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கூடுகிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நூற்றில் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்து குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் 1994 சட்டத்திலேயே ‘மரபணு ஆலோசனை மையம்’ என்ற பெயர் இருக்கிறது. இருந்தும் சொந்தக்காரர்கள் என்னிடம் “டாக்டரா, லேபா?” என்றுதான் கேட்கிறார்கள். இரண்டுமில்லை. இந்தப் படிப்புக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வேலை இடங்கள் குறைவு. பெரும்பாலும் பரிசோதனைக் கூடங்களிலும் பெருநகர மருத்துவமனைகளிலும்தான் கிடைக்கும். குரோமோசோம்களைப் பாடத்தில் படித்துவிடலாம். நான் தவறியது வேறிடத்தில்.

அந்தப் பெண்ணின் மடியில் ஒன்றரை வயதுப் பையன் இருந்தான். பீட்டா தலசீமியா மேஜர்: உடம்பு போதுமான ஹீமோகுளோபினை உண்டாக்க முடியாத பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அம்மா அப்பா இருவருக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை ஐந்து சதவீதத்துக்கு மேல். மூன்றரையைத் தாண்டினாலே கேரியராக, அதாவது தனக்கு நோய் இல்லாமல் மரபணுப் பிழையை மட்டும் சுமப்பவராக இருக்கலாம் என்று பார்ப்போம். இருவரிடமும் இருந்த மரபணுப் பிழை எது என்பதையும் கண்டுபிடித்துவிட்டோம். அடுத்த முறை 11 முதல் 13 வாரத்துக்குள் வந்தால் நஞ்சுக்கொடியில் துளி திசு எடுத்துப் பார்த்துவிடலாம் என்று விளக்கினேன். “ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு” என்றேன். தலையாட்டினார்கள். நன்றாக விளக்கிவிட்டோம் என்று நானும் நிம்மதியாக ஃபைலை மூடினேன்.

அடுத்த வருடம் 22 வாரக் கர்ப்பத்தோடு வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். “நாலுல ஒண்ணு மூத்தவனுக்கு வந்துருச்சுங்களே. இனி மூணு பேருக்கு வராதுன்னுதானுங்க இருந்தோம். ஸ்கேன்காரங்கதான் மறுபடி உங்ககிட்ட அனுப்புனாங்க.”

நான் சொன்ன வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. அது அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது வேறாகியிருந்தது, அவ்வளவுதான். அன்றே பனிக்குட நீர் எடுத்து அனுப்பினோம். ரிப்போர்ட் வந்தபோது 23 வாரம் 4 நாள். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட காரணங்களுக்குக் கருவைக் கலைப்பதா என்று 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடு முடிவெடுக்கலாம். அதைத் தாண்டினால் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். மூன்று நாள். நிதானமாக யோசிக்க வேண்டிய ஒன்றை மூன்று நாளில் யோசிக்கும்படி ஆக்கிவிட்டேன். “நீங்க எங்க வூட்டுப் புள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று அந்தப் பெண் கேட்டார். இதற்கு மட்டும் நாங்கள் பதில் சொல்லக் கூடாது. அவரவர் வாழப்போகும் வாழ்க்கை அது. இப்படி முடிவெடுத்தால் இன்னது, அப்படி எடுத்தால் இன்னது என்று இரண்டையும் எடுத்துச் சொல்லிவிட்டு, அவர்கள் பேசும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். என்ன முடிவெடுத்தார்கள் என்பதை எழுத மாட்டேன்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அமுச்சி வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாயக்கட்டை தொலைந்துபோய், ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டினார்கள். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கருப்பு. இரண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது ‘நாலில் ஒன்று’ என்று வாயால் சொல்வதில்லை. அப்பாவுக்கு ஒரு கொட்டை, அம்மாவுக்கு ஒரு கொட்டை. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் குழந்தைக்கு எதுவுமில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று கருப்பு என்றால் பெற்றோரைப் போலக் கேரியர். இரண்டும் கருப்பென்றால் நோய். “நீங்களே உருட்டுங்க” என்று கையில் கொடுத்துவிடுவேன். கடைசியாக ஒரு கேள்வி: “வீட்டுக்குப் போய் இதை அத்தைகிட்ட எப்படிச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க.” தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து.

போன மாதம் ஒரு மாமியாரே கூட வந்திருந்தார். “எங்க பக்கம் இந்தச் சீக்கு யாருக்குமே இல்லீங்” என்று மருமகளைப் பார்த்தபடி இரண்டு முறை சொன்னார். கொட்டைகளை அவரிடமே கொடுத்தேன். உருட்டினார், இரண்டும் கருப்பு. மறுபடி உருட்டினார், மறுபடியும் கருப்பு. கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “முன்னால விழுந்தது அதுக்கெங்கே ஞாபகம் இருக்கப் போகுது” என்றார், யாரிடமும் சொல்லாமல். நான் ஒரு வருடம் கழித்துக் கற்றுக்கொண்டதை அவர் இரண்டு உருட்டில் பிடித்துவிட்டார்.

பிறகு கொட்டைகளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல எது என்ற மருமவளோடது கண்ணு?”

“ரெண்டும் ஒரே மாதிரிதாங்கம்மா இருக்கு. எனக்கும் தெரியலீங்க.”

அவர் மகன் பக்கம் திரும்பவில்லை, மருமகள் பக்கமும் திரும்பவில்லை. கொட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: “என்ற மகளுக்கு ஆவணியில கல்யாணம். அவளுக்கும் இந்த ரத்தத்தப் பாத்துப்போடலாங்களா?”

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டிக்கப்போகிற பையனும் கூடவே வந்திருந்தான்.