கடல்நீர்த் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைக்க விரும்புகிறவர்கள் விளக்கைப் பற்றியும் பம்பைப் பற்றியும் எந்த உப்பு நல்லது என்பதைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். அந்த உப்பைக் கரைக்கப்போகும் தண்ணீரைப் பற்றி மட்டும் அநேகமாக எவரும் கேட்பதில்லை. குழாயில் வருவது நாம் குடிக்கிற நீர்தானே, மனிதருக்கு ஆகிற நீர் மீனுக்கு ஆகாமல் போகுமா என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். பவளம், நத்தை, இறால் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும்.

செம்பை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குத் தனித்தொட்டியில் செம்பு மருந்து கொடுக்கும்போது, லிட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் செம்பு அயனியே போதுமானதாகக் கருதப்படுகிறது. அந்த அளவு நோய்க்கிருமியை மட்டுமன்றிப் பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும் என்பதால்தான் நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகே மருந்திடுகிறார்கள். நமக்குத் தீங்கற்றது என்று வகுக்கப்பட்ட வரம்பில் பத்தில் ஒரு பங்கே அவ்வுயிர்களுக்கு நஞ்சாகிவிடுகிறது. செம்புக் குழாய்களின் வழியாக வரும் நீரில், அதுவும் இரவு முழுவதும் குழாயில் தேங்கி நின்ற நீரில், இந்த அளவு இருப்பது அரிதான செய்தி அன்று.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஆவியாதல். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டுமே. உப்பும் பிற கரைபொருள்களும் அப்படியே தங்கிவிடுகின்றன. குறைந்த அளவை ஈடுசெய்ய நாம் நன்னீரைச் சேர்க்கிறோம். 200 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால், ஓராண்டில் 730 லிட்டர் நன்னீரைச் சேர்த்திருப்போம். அந்த நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் கரைபொருள் இருக்குமானால், ஏறத்தாழ 219 கிராம் வேண்டாப் பொருள் அந்தச் சிறு தொட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். வாரந்தோறும் கொஞ்சம் நீரை மாற்றுவதால் அதில் ஒரு பகுதிதான் வெளியேறும். மாற்றும் நீரையும் அதே குழாய்நீரில் கலக்கியிருந்தால் அந்தப் பயனும் குறைந்துவிடும். உப்பு கலக்கும் நீரில் அக்கறை காட்டுகிறவர்கள்கூடத் தினமும் ஊற்றும் நீரில் அதைக் காட்டுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியை வளர்க்கின்றன. சிலிக்கேட், டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளை வளர்த்து, கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் படலமாகப் படிய வைக்கிறது. பாசி தொல்லை தரும்போது விளக்கையும் தீனியையும் குறை சொல்லும் முன் தண்ணீரைச் சோதிப்பது நல்லது.

கிருமிநீக்கத்துக்காகக் கலக்கப்படும் குளோரினைப் பற்றி ஒரு சொல். சாதாரண குளோரின், நீரைத் திறந்து வைத்துக் காற்றூட்டினால் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் அப்படிப் போவதில்லை. குளோரின் நீக்கி மருந்து அதை உடைக்கும்போது அம்மோனியா எஞ்சுகிறது; கடல்நீர்த் தொட்டியின் காரகாடித்தன்மை எண் (pH) 8.1-ஐ ஒட்டி இருப்பதால், அந்த அம்மோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கு நடுநிலை நன்னீரில் இருப்பதைவிட அதிகம். எனவே உங்கள் பகுதியில் எது கலக்கப்படுகிறது என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

மற்ற வழிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். புட்டியில் வரும் மினரல் வாட்டரில் தாதுக்கள் இருக்கவே செய்யும். அது நம் தேவைக்கு எதிரானது. மழைநீர் வானிலிருந்து தூயதாக வந்தாலும் கூரையையும் காற்றின் தூசியையும் கழுவிக்கொண்டே பாத்திரத்தில் விழுகிறது. நீரை மென்மையாக்கும் கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறதே தவிர, கரைபொருளைக் குறைப்பதில்லை. வாலை வடிநீர் நல்லதுதான். வடிக்கும் கலனில் செம்புப் பாகம் இல்லை என்பது உறுதியாக வேண்டும். கடலிலிருந்தே நீர் எடுப்பதானால், துறைமுகமும் ஆற்று முகத்துவாரமும் இல்லாத, கரையிலிருந்து விலகிய இடமாக இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இது நடைமுறைக்கு ஒத்துவராது.

ஆகவே ஆர்.ஓ. - டி.ஐ. முறையையே, அதாவது நீரை அழுத்தத்தால் நுண்சவ்வின் வழியே செலுத்தி (ஆர்.ஓ.), பிறகு எஞ்சிய அயனிகளையும் நீக்கும் (டி.ஐ.) முறையையே நான் பரிந்துரைக்கிறேன். இன்று நாம் பயன்படுத்தும் ஆர்.ஓ. சவ்வுக்கு வழி திறந்தது, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு. கடல்நீரைக் குடிநீராக்கப் பிறந்த நுட்பம் இன்று வீட்டுக்குள் கடலைப் படைக்க உதவுகிறது என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. முதலில் வண்டலை நீக்கும் வடிகட்டி, அடுத்துக் கார்பன், பிறகு சவ்வு, இறுதியாக அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் என்பது வழக்கமான வரிசை. கார்பன் சவ்வுக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும்; இப்போதைய மென்படலச் சவ்வுகளைக் குளோரின் அரித்துவிடும். குளோரமைன் கலந்த நீருக்குச் சாதாரண கார்பன் போதாது; அதற்கென்றே தயாரிக்கப்படும் கார்பனையோ இரண்டு கார்பன் குழல்களையோ பொருத்துங்கள். சவ்வு நல்ல நிலையில் இருந்தால் கரைபொருளில் 95 விழுக்காட்டுக்கு மேல் நீக்கிவிடும். நீரழுத்தம் குறைந்தால் இந்தத் திறனும் குறையும். அப்போது அழுத்தப் பம்பு தேவைப்படும். குடிநீருக்கென வீட்டில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவி போதாதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: அவற்றில் பல, சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன, டி.ஐ. ரெசினும் அவற்றில் இருப்பதில்லை.

கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது முதல் சில நிமிடங்கள் சவ்விலிருந்து வரும் நீரில் கரைபொருள் அதிகமாக இருக்கும். அதை ரெசினுக்குள் விடாமல் வெளியேற்றினால் ரெசின் நெடுநாள் உழைக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பதைவிட ஒரே முறையில் நிறையப் பிடித்து வைப்பது நல்லது என்று நான் சொல்வதும் இதனாலேயே.

நீரில் மொத்தம் எவ்வளவு கரைபொருள் உள்ளது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கட்டாயம் தேவை. இறுதி நீரில் அது 0 காட்ட வேண்டும். ஆனால் அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து கணக்கிடும் கருவி என்பதை மறக்கக் கூடாது. எந்தப் பொருள் கரைந்திருக்கிறது என்பதை அது சொல்லாது; சிலிக்கா போன்ற, அயனியாகப் பெரிதும் பிரியாத பொருள்கள் அதன் கண்ணில் சரியாகப் படுவதில்லை. ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் நழுவுவதும் இத்தகைய, தளர்வாகப் பிடிக்கப்பட்ட பொருள்களே. ஆகையால் மீட்டர் 5 அல்லது 10 காட்டட்டும் என்று காத்திருக்காமல், 1 காட்டியதுமே ரெசினை மாற்றிவிடுவதுதான் என் முறை. குளோரினுக்குத் தனிச் சோதனை உண்டு; கார்பன் தீர்ந்துவிட்டதா என்பதை அதைக் கொண்டுதான் அறிய முடியும்.

தூய நீர் உலோகத்தை எளிதில் கரைத்து ஈர்க்கும் தன்மையுள்ளது. அதைச் சேமிக்கும் பாத்திரம் உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்காக, மூடியுள்ளதாக இருக்கட்டும். பித்தளைக் குழாய்முனையோ துருப்பிடிக்கும் திருகாணியோ அந்த நீர் செல்லும் வழியில் எங்கும் இருக்கக் கூடாது. சோப்பு பட்ட வாளியை இதற்கு எடுக்காமல், தொட்டிக்கென்றே ஒரு வாளியை ஒதுக்கி, பிற வேலைக்கு யாரும் எடுக்காதபடி அதன் மேல் எழுதி வையுங்கள்.